மேலூரில் ஓய்ந்தது, தேனியில் ஓடியது

ஃபைனல் இயர் புராஜெக்ட் லிஸ்ட்டை எந்த வருஷம் எடுத்துப் பார்த்தாலும் "கிராமங்களை இணைக்கும் குறைந்த செலவு வயர்லெஸ் நெட்வொர்க்" என்று ஒரு டைட்டில் கண்டிப்பாக இருக்கும். லேப்பில் இந்த டேபிளில் ஒரு ரூட்டர், அந்த டேபிளில் ஒரு ரூட்டர். பிங் போய் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரிப்போர்ட்டை பைண்டிங் போட்டு, வைவாவை முடித்துவிடுவோம். ரூட்டர் ரெண்டும் மறுபடி பீரோவுக்குள் போய்விடும்.

இதே டைட்டிலை மதுரையைச் சுற்றி இரண்டு குழுக்கள் நிஜமாகவே செய்து பார்த்திருக்கின்றன. ஒன்று, மதுரைக்கு வடகிழக்கே சுமார் 30 கி.மீ. தள்ளி, மேலூரில். இன்னொன்று, மேற்கே ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி, தேனியில். இரண்டிலும் பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் இருந்தன. இரண்டிலும் டெக்னாலஜி வேலை செய்தது. ஆனால் ஒன்று சில வருஷங்களில் ஓய்ந்துபோனது. இன்னொன்று ஆயிரக்கணக்கானவர்களின் கண் பார்வைக்கு உதவியது. ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் இந்தக் கட்டுரை. நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும், பயப்படாதீங்க. உங்க ஆன்டெனா பேப்பருக்கு அது உதவும்.

முதலில் மேலூர்.

2001-ல் மேலூர் தாலுகாவில் 'சாரி' என்ற திட்டம் தொடங்கியது. விரித்தால், சஸ்டெயினபிள் ஆக்சஸ் இன் ரூரல் இந்தியா. ஐ.ஐ.டி. மெட்ராஸின் டெனெட் குழு, அதிலிருந்து பிறந்த என்-லாக் நிறுவனம், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு என்று பெரிய கைகள் சேர்ந்த திட்டம். அப்போது கிராமத்துக்கு போன் லைன் வருவதே பெரிய விஷயம். தாமிரக் கம்பி இழுக்கச் செலவு அதிகம். இழுத்தாலும் மழைக்கு ஒருநாள், திருட்டுக்கு ஒருநாள் அறுந்து கிடக்கும். அதனால் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற வயர்லெஸ் முறையைப் பயன்படுத்தினார்கள். ஊரில் ஒரு பேஸ் ஸ்டேஷன், அதைச் சுற்றிப் பத்து கி.மீ. வரை நேர்ப்பார்வையில் உள்ள கிராமங்களில் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. நடுவில் ரிலே வைத்தால் 25 கி.மீ. வரை போகும்.

வேகம் எவ்வளவு தெரியுமா? நொடிக்கு 70 கிலோபிட். யாராவது போன் பேசிக்கொண்டிருந்தால் அதில் பாதி, 35. ஒரு மெகாபைட் போட்டோ அனுப்ப 70-ல் கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம், 35-ல் நாலு நிமிஷம். இன்றைக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் 2001-ல் மதுரை நகரத்து பிரவுசிங் சென்டரிலேயே நிலைமை பெரிதாக வேறு இல்லை. கிராமத்துக் கூரைக்கு அந்த வேகம் போனது அப்போது சாதனைதான்.

ஒவ்வொரு கிராமத்திலும் உள்ளூர்க்காரர் ஒருவர் முதல் போட்டு கியாஸ்க் நடத்துவார். இமெயில் அனுப்பலாம், பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்கலாம், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழுக்கு தாலுகா ஆபீஸுக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். பயிருக்கு நோய் வந்தால் படம் பிடித்து அனுப்பி வேளாண் கல்லூரியில் யோசனை கேட்கலாம். கண்ணில் கோளாறு என்றால் வெப்கேமில் கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பலாம். இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க.

இந்தத் திட்டத்தை உள்ளிருந்து பார்த்த ஆய்வாளர்கள் மைக்கேல் பெஸ்ட்டும் ராஜேந்திர குமாரும் பின்னால் இதைப் பற்றி எழுதினார்கள். கியாஸ்க்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதுதான் அந்த ஆய்வின் கதை. வருமானம் செலவைத் தாண்டவில்லை. மக்களுக்கு நிஜமாகவே பிடித்த சான்றிதழ் சேவையும், பின்னால் நின்ற அரசு ஆதரவு தளர்ந்ததும் படுத்துவிட்டது. கம்ப்யூட்டர் பயிற்சி முன்பே இருந்த உரிமையாளர்கள், தனியாக ஒரு பயிற்சி பெற்ற ஆபரேட்டரை வைத்திருந்தவர்கள், இவர்களின் கியாஸ்க்குகள் மட்டும் கொஞ்சம் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தன. திட்டத்தின் பெயரிலேயே 'நீடித்து நிற்கும்' என்ற சொல் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இப்போது தேனிக்கு வருவோம்.

அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. அதன் தேனிக் கிளைக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருபவர்கள் நிறைய. ஆனால் வராதவர்கள்தான் பிரச்சனை. கண் மங்கலாக இருக்கிறது என்பதற்காக ஒரு பாட்டி பஸ் ஏறி வரமாட்டார். வந்தால் துணைக்கு ஒருவர் வரவேண்டும். ரெண்டு பேருடைய கூலியும் அன்றைக்குப் போச்சு. "வயசானா அப்படித்தான்" என்று திண்ணையிலேயே இருந்துவிடுவார். அறுவை சிகிச்சை செய்தால் சரியாகிவிடும் கண்புரை அப்படியே முற்றும்.

இதற்கு அரவிந்த் கண்ட வழி, பார்வை மையம். சின்ன ஊரில் ஒரு வாடகைக் கட்டிடம், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப், பயிற்சி பெற்ற டெக்னீஷியன். டாக்டர் அங்கே இருக்கமாட்டார். தேனியில் இருந்தபடி வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். கண்ணாடி போதும் என்றால் மையத்திலேயே ஏற்பாடு. ஆபரேஷன் தேவை என்றால் மட்டும் பஸ் ஏறினால் போதும்.

வீடியோ என்றால் 70 கிலோபிட் போதாது. அன்றைய பிராட்பேண்ட் அந்த ஊர்களுக்கு வரவில்லை. சாட்டிலைட் லைனுக்கு மாச வாடகை கட்டுப்படியாகாது. அப்போதுதான் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் நடத்திய டயர் என்ற ஆய்வுக்குழு வந்தது. அவர்கள் கொண்டுவந்தது, உங்க ஹாஸ்டலில் இருக்கும் அதே வைஃபை. முப்பது மீட்டர் போனால் செத்துவிடும் என்று நாம் நினைக்கிற அதே வைஃபை.

சில வருஷங்களில் தேனி மருத்துவமனையும் ஐந்து பார்வை மையங்களும் இணைந்தன. மொத்தம் 9 இணைப்புகள். மிகக் குறுகியது 1 கி.மீ., மிக நீளமானது 15 கி.மீ. நடுவில் ரிலே கம்பங்கள். பெரிய டவர்களின் உயரம் 24 முதல் 42 மீட்டர்.

ஏன் அவ்வளவு உயரம்?

இங்கேதான் கணக்கு. ரெண்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று 'பார்க்க' வேண்டும் என்று நமக்குத் தெரியும். ஆனால் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு மட்டும் திறந்திருந்தால் போதாது. ரேடியோ அலை நடுவில் வெள்ளரிக்காய் மாதிரி உப்பிக்கொண்டு போகும். அதற்குப் பெயர்தான் ஃப்ரெனல் ஜோன். 15 கி.மீ. இணைப்பு, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நடுப்பகுதியில் அதன் ஆரம் சுமார் 21.6 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்கவேண்டும், அதாவது 13 மீட்டர். இதோடு பூமி உருண்டை என்பதால் நடுவில் 3.3 மீட்டர் மேடு. இரண்டும் சேர்ந்து 16 மீட்டர் சொச்சம். வெறும் பொட்டல் காடாக இருந்தால் இதோடு முடிந்தது.

ஆனால் தேனிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், எங்கே பார்த்தாலும் தென்னந்தோப்பு. நன்கு வளர்ந்த நாட்டுத் தென்னை 20 மீட்டர் போகும். நடுவில் ஒரு தோப்பு இருந்தால் 16-ஓடு 20 சேர்த்து, இரண்டு பக்கமும் 36 மீட்டர் டவர் வேண்டும். 24 முதல் 42 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இப்போ புரியுதா? ஒரு வைஃபை நெட்வொர்க்கில் அதிகச் செலவு ரூட்டருக்கு இல்லை, தென்னை மரத்துக்கு மேலே ஏறுவதற்குத்தான்.

நம்ம ஊரில் இன்னொன்று உண்டு. ஒத்தக்கடையில் நிற்கிற யானைமலை மாதிரி ஒரு பாறை குறுக்கே வந்தால் எந்த டவரும் உதவாது. சுற்றித்தான் போகணும். ஆனால் அதே பாறையின் தலையில் ஒரு ரிலே வைக்க அனுமதி கிடைத்தால் டவர் செலவே மிச்சம். (யானைமலையில் கிடைக்காது. சமணர் குகையும் கல்வெட்டும் இருக்கிற மலை. ஆசைப்படாதீங்க.)

சரி, தூரம் போகுமா? 15 கி.மீ.க்கு வெட்டவெளி இழப்பு சுமார் 124 டெசிபல். இந்தியாவில் 2005 முதல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனால் ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்து 4 வாட்டைத் தாண்டக்கூடாது. அது 36 டிபிஎம். எதிர்ப்பக்கம் 24 டெசிபல் பெருக்கும் கிரிட் ஆன்டெனா என்றால், 36-லிருந்து 124-ஐக் கழித்து 24-ஐக் கூட்டுங்க. மைனஸ் 64 டிபிஎம். மெதுவான வேகங்களில் மைனஸ் 85 வரை தாராளமாகக் கேட்கும் கார்டுகள் உண்டு. இருபது டெசிபல் கையில் மிச்சம்! இந்தப் பக்கமும் அதே 24 டெசிபல் ஆன்டெனா என்பதால் ரேடியோ கார்டு வெளியிடவேண்டியது வெறும் 12 டிபிஎம், அதாவது 16 மில்லிவாட். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு இதைவிட அதிகம் மின்சாரம் குடிக்கும்.

வெனிசுலாவில் எர்மானோ பியெட்ரோசெமோலி 2007-ல் ரெண்டு மலைகளுக்கு நடுவே 382 கி.மீ. வைஃபை இணைப்பு போட்டுக் காட்டினார். ஆக, தூரம் பிரச்சனையே இல்லை. வைஃபையின் குணம்தான் பிரச்சனை.

பாட்டி கதை சொல்லும்போது 'ம்' கொட்டுவோம் இல்லையா? ஒரு வாக்கியத்துக்கு ஒரு 'ம்'. வரவில்லை என்றால் பாட்டி அதே வாக்கியத்தை மறுபடி சொல்வார். வைஃபையும் அப்படித்தான். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எதிர்ப்பக்கம் ஓர் ஒப்புகை அனுப்பவேண்டும். அந்த 'ம்' எவ்வளவு நேரத்தில் வரவேண்டும் என்பதை ஓர் அறைக்குள், ஒரு கட்டிடத்துக்குள் என்று நினைத்து வைத்திருக்கிறார்கள். ஒளி ஒரு கி.மீ. போக 3.3 மைக்ரோ செகண்ட். 15 கி.மீ. போய்த் திரும்ப 100 மைக்ரோ செகண்ட். எதிர்ப்பக்கம் 'ம்' சொல்லியிருக்கும், ஆனால் அது வந்து சேர்வதற்குள் இந்தப் பக்கம் "கேக்கலையா?" என்று அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பியிருக்கும். இணைப்பு இருக்கும், வேகம் இருக்காது.

அடுத்தது, பேசுவதற்கு முன் 'வேறு யாராவது பேசுகிறார்களா' என்று காது கொடுத்துக் கேட்கும் பழக்கம். அறைக்குள் இது நல்ல பழக்கம். 15 கி.மீ. தள்ளி இருப்பவர் பேசத் தொடங்கியது 50 மைக்ரோ செகண்ட் கழித்துத்தான் நமக்குக் கேட்கும். அதற்குள் நாமும் தொடங்கியிருப்போம். மோதல்.

ரிலே கம்பத்தில் கூத்து இன்னும் அதிகம். ஒரே கம்பத்தில் கிழக்கே பார்த்து ஒரு ஆன்டெனா, மேற்கே பார்த்து ஒன்று. கிழக்கு ஆன்டெனா கத்தும்போது பக்கத்தில் இருக்கும் மேற்கு ஆன்டெனாவால் தூரத்துக் குரலைக் கேட்க முடியாது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் இதற்கு 2005-ல் ஒரு வழி சொன்னார்கள். கம்பத்தில் உள்ள எல்லா ஆன்டெனாக்களும் ஒரே நேரத்தில் பேசட்டும், பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கட்டும். பேசுபவர் பக்கத்தில் கேட்பவர் இல்லை என்றால் சண்டையே இல்லை. பெர்க்லி குழு இந்த யோசனையை எடுத்து, பாக்கெட்டுக்கு ஒரு 'ம்' என்பதை மாற்றி, ஒரு கட்டுக்கு மொத்தமாக ஒரே 'ம்' என்று ஆக்கி, தொலைந்த பாக்கெட்டை மீட்கும் கூடுதல் தகவலையும் சேர்த்து, வைல்ட்நெட் என்று 2007-ல் வெளியிட்டது. சாதாரண வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு வேகம். ஹார்டுவேர் அதேதான், மாறியது சாஃப்ட்வேர் மட்டும்.

இதோடு கட்டுரை முடிந்தது என்று நினைத்தால் நீங்களும் நானும் லேப்பை விட்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம். பெர்க்லி குழுவே அடுத்த வருஷம் இன்னொரு பேப்பர் எழுதியது. அதில் அல்காரிதம் கம்மி. நிறைய இருப்பது கரண்ட்.

கிராமத்து மின் இணைப்பில் அளந்து பார்த்தபோது 500 வோல்ட்டைத் தொடும் ஸ்பைக்குகள், சில நேரம் 1000 வோல்ட் வரைகூட வந்திருக்கின்றன. வெகுநேரம் 70 வோல்ட்டுக்குக் கீழே தொய்ந்து கிடக்கும். திடீரென்று 350-க்கு மேல் ஏறும். நம் டியூப்லைட் மினுக்கி மினுக்கி எரிவதைப் பார்த்திருக்கிறோம், அதே கரண்ட்தான் ரூட்டருக்கும். பவர் சப்ளை கருகும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டு கெடும். இதில் விநோதமானது, முழுசாகக் கரண்ட் போவதைவிட பேட்டரி மெதுவாக இறங்குவதுதான் ஆபத்து. வோல்டேஜ் அரைகுறையாக இருக்கும்போது போர்டு சாகாமலும் பிழைக்காமலும் தொங்கிவிடும். கரண்ட் திரும்ப வந்தாலும் எழுந்திருக்காது. யாராவது போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணவேண்டும். அந்த 'யாராவது' 40 மீட்டர் டவருக்குக் கீழே எப்போதும் நிற்பதில்லை.

தீர்வுகளைப் பார்த்தால் எல்லாம் செகண்ட் இயர் எலெக்ட்ரானிக்ஸ். பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் இணைப்பையே துண்டித்துவிடும் ஒரு சர்க்யூட். ரூட்டர் தொங்கினால் தானாக ரீஸ்டார்ட் செய்யும் வாட்ச்டாக். மெமரி கார்டை எழுத முடியாத நிலையில் வைத்திருப்பது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை ரூட்டரே "நான் நல்லாருக்கேன்" என்று வெளியே தகவல் அனுப்புவது. மெயின் லைன் செத்தாலும் மொபைல் எஸ்.எம்.எஸ். வழியாக உள்ளே போக ஒரு கொல்லைப்புறக் கதவு. இதில் ஒன்றைக்கூட நம்ம புராஜெக்ட் ரிப்போர்ட்டில் நான் பார்த்ததில்லை.

இதோடு ஆட்களும் வேண்டும். இணைப்பு போய்விட்டால் கெட்டது எது, ரூட்டரா, கேபிளா, வெறும் பிளக்கா என்று மையத்தில் இருப்பவருக்கே தெரியவேண்டும். கலிஃபோர்னியாவில் இருக்கும் பி.எச்டி. மாணவர் எத்தனை தடவை ஃபிளைட் ஏறுவார்? ஆன்டெனாவைத் திருப்பி நேராக்குவது, பெட்டியை மாற்றுவது எல்லாம் படிப்படியாக உள்ளூர் ஆட்களின் கைக்கு வந்தது. பெரிய டெக்னாலஜி மாற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் நெட்வொர்க் உயிரோடு இருந்ததற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2008-ல் அந்த பேப்பர் வந்தபோது சுமார் 30,000 பேர் இந்த நெட்வொர்க் வழியாகப் பார்க்கப்பட்டிருந்தார்கள். ஏறக்குறைய 3,000 பேருக்குப் பார்வை மேம்பட்டிருந்தது.

மேலூரிலும் கண் பரிசோதனை இருந்ததே, ஞாபகம் இருக்கா? அதே அரவிந்த், பக்கத்து மாவட்டத்து மக்கள். ஆனால் அங்கே முதலில் நெட்வொர்க் வந்தது, பிறகு 'இதை வைத்து என்னென்ன செய்யலாம்' என்று தேடினார்கள். கண், பயிர், சான்றிதழ், இமெயில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். நின்றுபோனால் நஷ்டம் கியாஸ்க் வைத்திருந்தவருக்கு மட்டும். அவரும் எவ்வளவு நாள்தான் கைக்காசைப் போடுவார்? தேனியில் முதலில் மருத்துவமனை இருந்தது, நோயாளி இருந்தார், நெட்வொர்க் பிறகு வந்தது. லைன் போனால் தேனியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் சும்மா இருப்பார், மையத்தில் பெஞ்சில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கே யாராவது போன் போட்டுத் திட்டுவார்கள். திட்டு விழுகிற நெட்வொர்க்கைத்தான் சரிசெய்வார்கள்.

மேலூர்க்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிராட்பேண்ட், மொபைல் எதுவும் இல்லாத காலத்தில் முதல் போட்டு முயன்றவர்கள் அவர்கள். அங்கே எது வேலை செய்யவில்லை என்று எழுதி வைத்ததால்தான் இன்று நாம் ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

பிறகு ஃபைபரும் 4ஜி-யும் வந்தன. அரவிந்தின் பார்வை மையங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன. இணைப்பு எதுவானாலும், மையத்தில் டெக்னீஷியன், தொலைவில் டாக்டர் என்ற அமைப்பு மாறவில்லை.

இனி உங்க புராஜெக்ட். கல்லூரியைச் சுற்றி நாலு ஊரை இணைக்கப்போறீங்க என்று வைத்துக்கொள்வோம். 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் நிறைய இடம் லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டார்கள். கூட்டம் குறைவு, ஃப்ரெனல் ஜோனும் மெலிது, அதையே பாருங்க. உயரமான டவர் என்றால் அனுமதி தனி, கேட்காமல் நட்டுவிடாதீங்க. மேப்பில் ரெண்டு புள்ளிக்கு நடுவே கோடு போடுவதோடு நிற்காமல், பைக்கில் அந்த வழியே ஒரு தடவை போய் எந்தத் தோப்பு எவ்வளவு உயரம் என்று பார்த்து வாங்க. கன்றாக இருக்கும் தென்னை நீங்க பாஸ் ஆகிப் போன பிறகும் வளரும்.

அப்படியே அந்த நாலு ஊரிலும் இறங்கி, ரேஷன் கடை, ஸ்கூல், ஆரம்ப சுகாதார நிலையம், பால் சொசைட்டி என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி கேளுங்க: "இந்த லைன் நாளைக்குக் காலையில வேலை செய்யலைன்னா, எனக்கு யார் போன் பண்ணுவீங்க?" யாராவது நம்பர் வாங்கிக்கொண்டால் அந்த ஊரிலிருந்து தொடங்குங்க.